முதியோரின் டிக்கெட்டுக்கு யார் பணம் தருவது?



முதியோருக்குக் கட்டணமில்லாப் பேருந்துப் பயணம் பற்றிப் பேசச் சொல்லி அழைத்திருக்கிறீர்கள். மேடைகளில் இந்தப் பேச்சு வந்தால், வயதானவர்கள் படும் பாட்டைச் சொல்லி, அரசு மனம் இரங்க வேண்டும் என்று கேட்டு முடிப்பது வழக்கம். அந்தப் பாட்டை இந்த அரங்கில் இருப்பவர்களுக்கு நான் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. ஆகவே இன்று பணத்தைப் பற்றியே பேசப் போகிறேன். முதியவர் காசு கொடுக்காமல் வாங்கும் டிக்கெட்டுக்கு யார் பணம் தருவது? எவ்வளவு தருவது? எப்போது தருவது? எந்தச் சட்டத்தின் கீழ் தருவது? இந்த நான்கு கேள்விகளுக்கும் தெளிவான பதில் உள்ள இடத்தில் சலுகை நிலைத்து நிற்கிறது. பதில் இல்லாத இடத்தில் ஒரே ஒரு சுற்றறிக்கையில் அது போய்விடுகிறது.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முதியவரின் பயணம் இலவசம் என்று நாம் சொன்னாலும் அதற்கு ஒரு விலை உண்டு. டீசலுக்கும் டயருக்கும் ஓட்டுநர், நடத்துநர் சம்பளத்துக்கும் யாரோ கொடுத்தாக வேண்டும். அந்த விலையை அரசு சட்டப்படி, எண்ணிக்கைப்படி, காலம் தவறாமல் போக்குவரத்துக் கழகத்திடம் செலுத்த வேண்டும். செலுத்தாவிட்டால் முதியவருக்குச் சலுகை இருக்கும், அவர் ஊருக்குப் பேருந்து இருக்காது.

இன்று நம்மிடம் இருப்பது

தமிழ்நாட்டில் இன்றைய நிலையைப் பார்ப்போம். 2016 பிப்ரவரியில், முதலமைச்சர் ஜெயலலிதா காலத்தில், சென்னையில் குடியிருக்கும் 60 வயது நிறைந்தவர்களுக்கு மாநகர் போக்குவரத்துக் கழகம் டோக்கன் கொடுக்கத் தொடங்கியது. மாதம் 10 டோக்கன். ஆறு மாதத்துக்கு உரியதை மொத்தமாகப் பணிமனைகளிலும் பேருந்து நிலையங்களிலும் தருகிறார்கள். நடத்துநரிடம் ஒரு டோக்கனைக் கொடுத்தால் ஒரு டிக்கெட். நல்ல திட்டம்தான். ஆனால் மாதம் 10 டோக்கன் என்றால் ஐந்து முறை போய்வரலாம், அவ்வளவுதான். நடுவில் ஒரு பேருந்து மாற வேண்டியவருக்கு ஒரு தடவை மருத்துவமனைக்குப் போய்த் திரும்பவே நான்கு டோக்கன் தீர்ந்துவிடும். அவருக்கு மாதத்தில் இரண்டரைப் பயணம்தான் கிடைக்கும்.

இரண்டாவது, எல்லோரும் அறிந்த மகளிர் திட்டம். 2021 மே மாதம் முதலமைச்சராகப் பொறுப்பேற்ற அன்றே மு.க. ஸ்டாலின் கையெழுத்திட்டவற்றில் அதுவும் ஒன்று. சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. பின்னர் திருநங்கையரும் மாற்றுத்திறனாளிகளும் சேர்க்கப்பட்டார்கள். இதனால் ஒரு பெண்ணுக்கு மாதம் சராசரியாக 888 ரூபாய் மிச்சமாகிறது என்று மாநிலத் திட்டக்குழுவின் ஆய்வு கூறியது. நம் பேச்சுக்கு இந்தத் திட்டம் மிக முக்கியமானது. ஏனென்றால் தமிழ்நாட்டின் வயதான பெண்களுக்கு, டவுன் பஸ்ஸைப் பொறுத்தவரை, நாம் கேட்பது ஏற்கெனவே கிடைத்துவிட்டது. அறுபது தாண்டிய அம்மா டோக்கன் தேட வேண்டாம், அடையாள அட்டை நீட்ட வேண்டாம், ஏறி உட்கார்ந்தால் போதும்.

அப்படியானால் விடுபட்டவர்கள் யார்? சென்னைக்கு வெளியே உள்ள வயதான ஆண்கள் விடுபட்டார்கள். டவுன் பஸ்ஸே வராமல், ரூட் பஸ்ஸை நம்பி வாழும் ஊர்களில் ஆணும் பெண்ணும் சேர்ந்தே விடுபட்டார்கள். ஒரே வீட்டிலிருந்து கிளம்பும் பாட்டிக்குக் கட்டணம் இல்லை, தாத்தாவுக்கு உண்டு. அதே இருவரும் மாவட்டத் தலைநகருக்குப் போக ரூட் பஸ்ஸில் ஏறினால் இருவருமே டிக்கெட் எடுக்க வேண்டும். முதியோர் உதவித்தொகை 2023இல்தான் 1,000 ரூபாயிலிருந்து 1,200 ரூபாயாக உயர்ந்தது. அதில் ஒன்றிய அரசின் பங்கு 80 வயதுக்குக் கீழ் உள்ளவருக்கு 200 ரூபாய். இந்த 1,200 ரூபாயை நம்பி வாழ்கிறவருக்கு, போக 20, வர 20 என்று ஒரு பயணத்துக்கு 40 ரூபாய் செலவானால், அது அவருடைய ஒரு நாள் பங்கு முழுவதும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் மாத்திரை வீட்டுக்கே வருகிறது. அதைப் போற்றுகிறேன். ஆனால் கண்புரை அறுவைக்கும் டயாலிசிஸுக்கும் எக்ஸ்ரேக்கும் முதியவர்தான் போக வேண்டும். வங்கிக்கு, வட்டாட்சியர் அலுவலகத்துக்கு, பேரன் காதுகுத்துக்கு, சம்பந்தி வீட்டுத் துக்கத்துக்கு அவர்தான் போக வேண்டும். வயதான காலத்தில் வெளியே போவதே வாழ்க்கையில் பாதி. அதை நிறுத்தினால் ஆள் வீட்டுக்குள்ளேயே சுருங்கிப் போகிறார்.

ஆணையால் வந்தது ஆணையால் போகும்

ரயிலை நினைத்துப் பாருங்கள். 60 வயது ஆண்களுக்கு 40 விழுக்காடு, 58 வயது பெண்களுக்கு 50 விழுக்காடு என்று ரயில் கட்டணத்தில் சலுகை இருந்தது. தலைமுறை தலைமுறையாக இருந்ததால் அதை நாம் உரிமை என்றே நினைத்திருந்தோம். கொரோனா வந்தது. 2020 மார்ச் 20 முதல் சலுகை நிறுத்தப்பட்டது. தொற்று ஓய்ந்தது, ரயில்கள் நிரம்பி ஓடுகின்றன, சலுகை திரும்பவில்லை. நாடாளுமன்றத்தில் கேட்கும்போதெல்லாம், எல்லாப் பயணிகளுக்குமே கட்டணத்தில் மானியம் தருகிறோம் என்பதே பதிலாக வருகிறது. அதை எதிர்த்து வழக்காட முதியவர் கையில் எந்தச் சட்டப் பிரிவும் இல்லை. நிர்வாக ஆணையால் வந்த சலுகை நிர்வாக ஆணையால் போயிற்று. நம் டோக்கனுக்கும், நான் போற்றிய மகளிர் பயணத்துக்கும்கூட இதே ஆபத்து உண்டு.

சட்டம் என்றால் என்ன வேறுபாடு என்று கேட்பீர்கள். அதற்கு இங்கிலாந்தின் கதையைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். இந்தத் துறையில் நல்லதையும் கெட்டதையும் அவர்கள் நமக்கு முன்பே பார்த்துவிட்டார்கள்.

பர்மிங்காம் முதல் இன்று வரை

1950களின் தொடக்கத்தில் பர்மிங்காம் மாநகராட்சி தன் பேருந்துகளில் 70 தாண்டிய ஆண்களையும் 65 தாண்டிய பெண்களையும் கட்டணமின்றி ஏற்றிச் சென்றது. பிரெஸ்காட் என்ற வரி செலுத்துவோர் ஒருவர் வழக்குப் போட்டார். மேல்முறையீட்டு நீதிமன்றம் 1954 இறுதியில் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. மாநகராட்சி வரிப்பணத்துக்குப் பொறுப்பாளர். ஒரு பிரிவினருக்கு மட்டும் அதைக் கொடையாக வழங்க அதற்கு அதிகாரம் இல்லை என்பது தீர்ப்பின் சாரம். திட்டம் நின்றிருக்க வேண்டும். ஆனால் நாடாளுமன்றம் 1955இல் ஒரு சட்டம் இயற்றி, ஏற்கெனவே நடந்துவந்த சலுகைகளைக் காப்பாற்றியது. 1964இல் இன்னொரு சட்டம், சொந்தப் பேருந்து நடத்தும் எல்லா உள்ளாட்சிகளுக்கும் அந்த அதிகாரத்தை அளித்தது. இந்த வழக்கு எனக்கு எப்போதும் முக்கியமாகப் படுகிறது. வரி கட்டுவோரின் கேள்வி நியாயமான கேள்வி. என் பணத்தை எந்த அதிகாரத்தில் எடுத்துக் கொடுக்கிறாய் என்று அவர் கேட்டார். மக்கள் பிரதிநிதிகள் கூடி, வாக்களித்து, சட்டமாகப் பதில் சொன்னார்கள். அந்தப் பதில்தான் நிலைத்தது.

அதன்பின் சலுகை ஊருக்கு ஊர் ஒரு விதமாக வளர்ந்தது. இலண்டனில் 1973இல் முதியோர் பயண அட்டை வந்தது. 2000ஆம் ஆண்டின் போக்குவரத்துச் சட்டம் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் குறைந்தபட்சம் பாதிக் கட்டணம் என்று வரையறுத்தது. வேல்ஸ் 2002இல் முழு இலவசத்துக்கு முன்னேறியது. ஸ்காட்லாந்து 2006 ஏப்ரலில் நாடு முழுவதற்கும் ஒரே அட்டையைக் கொண்டுவந்தது. இங்கிலாந்தில் அதே 2006இல் உள்ளூர் எல்லைக்குள் இலவசமாயிற்று. 2007இல் சட்டம் இயற்றி, 2008 ஏப்ரல் 1 முதல் நாட்டின் எந்த உள்ளூர்ப் பேருந்திலும் செல்லும் என்று ஆக்கினார்கள். வார நாட்களில் காலை 9.30 முதல் இரவு 11 வரை, சனி ஞாயிறுகளில் நாள் முழுவதும்.

அங்கே பெரும்பாலான பேருந்துகள் தனியாருடையவை. 1986 முதலே இலண்டனுக்கு வெளியே அவை தனியாரிடம் போகத் தொடங்கின. ஆனாலும் அட்டை வைத்திருப்பவரை ஏற்ற மாட்டேன் என்று எந்த நிறுவனமும் சொல்ல முடியாது, சட்டம் அப்படி. அதற்கு ஈடாக உள்ளாட்சி அந்த நிறுவனத்துக்குப் பணம் தர வேண்டும். எவ்வளவு? இந்தத் திட்டத்தால் நிறுவனத்துக்கு இலாபமும் வரக்கூடாது, நட்டமும் வரக்கூடாது என்பது விதி. இதை நாம் மனத்தில் பதிய வைத்துக்கொள்ள வேண்டும். கொரோனா காலத்தில் முதியவர்கள் வீட்டிலேயே இருந்தார்கள், பயணம் விழுந்தது. அப்போதும் பேருந்து நின்றுவிடக் கூடாது என்பதற்காக, பழைய அளவிலேயே பணம் கொடுங்கள் என்று அரசு உள்ளாட்சிகளைக் கேட்டுக்கொண்டது. நம் ரயில் சலுகை போன அதே மாதங்களில் அவர்களுடைய அட்டை செல்லுபடியாகவே இருந்தது.

இனி அவர்கள் பட்ட காயங்களைச் சொல்கிறேன்.

முதல் காயம், பணம் எங்கிருந்து வருகிறது என்பதில். தொடக்கத்தில் இந்தத் திட்டத்துக்கென்றே தனி மானியம் வந்தது. 2011இல் அதை உள்ளாட்சிகளின் பொது மானியத்தோடு கலந்துவிட்டார்கள். பிறகு சிக்கன நடவடிக்கையில் பொது மானியமே சுருங்கியது. முதியோர் பயணத்துக்கு இவ்வளவு என்று தனியே காட்ட முடியாமல் போனது. ஆனால் செலவு சட்டப்படி கட்டாயம். இங்கிலாந்தில் அது ஆண்டுக்கு ஏறத்தாழ 100 கோடி பவுண்டு. கட்டாயச் செலவைக் கொடுத்துவிட்டு, கட்டாயமில்லாத செலவை வெட்டினார்கள். அப்படி வெட்டப்பட்டவற்றில் ஒன்று, இலாபமில்லாத கிராமத் தடங்களில் பேருந்து ஓட்டக் கொடுத்துவந்த உதவி. அந்த உதவியால் ஓடிய பேருந்து தூரம் பத்தே ஆண்டுகளில் ஏறக்குறைய பாதியாகச் சரிந்தது. அட்டையைக் காப்பாற்றச் செலவிட்டது போக, அந்த அட்டையைக் காட்டி ஏற வேண்டிய பேருந்துக்குப் பணமில்லை.

இரண்டாம் காயம், சுமை யார் தலையில் என்பதில். பயணம் எந்த உள்ளாட்சியின் எல்லையில் தொடங்குகிறதோ அந்த உள்ளாட்சியே பணம் தர வேண்டும் என்று வைத்தார்கள். கடற்கரைச் சுற்றுலா ஊர்களுக்கு வரும் வெளியூர் முதியவர்கள் திரும்பிப் போகும் செலவு அந்தச் சிறிய ஊர்களின் தலையில் விழுந்தது. ஸ்காட்லாந்தில் அரசே நேரடியாக நிறுவனங்களுக்குக் கொடுக்கிறது. அங்கே இந்தச் சிக்கல் இல்லை. நமக்கும் இது பொருந்தும். பௌர்ணமிக்குத் திருவண்ணாமலை வருகிறவர்கள் நான்கு திசையிலிருந்தும் வருகிறார்கள். அவர்களைத் திருப்பி அனுப்பும் செலவை ஒரு போக்குவரத்துக் கழகத்தின் தலையில் கட்டுவது நியாயம் ஆகாது. சுமை மாநிலக் கருவூலத்தில்தான் இருக்க வேண்டும்.

மூன்றாம் காயம் வயது. இங்கிலாந்தில் 60 என்று தொடங்கியது. 2010 முதல் அதைப் பெண்களின் ஓய்வூதிய வயதோடு கட்டிவிட்டார்கள். அந்த வயது ஏற ஏற இதுவும் ஏறி, 2020இல் 66 ஆயிற்று. ஐம்பத்தொன்பதரை வயதில் காத்திருந்தவர், அட்டை எட்டாமல் விலகிக்கொண்டே போவதைப் பார்த்தார். ஸ்காட்லாந்தும் வேல்ஸும் 60லேயே நின்றன. தென்கொரியாவிலும் இதே வாதம் நடக்கிறது. சியோல் சுரங்க ரயிலில் 1984 முதல் 65 வயதானவர்களுக்குக் கட்டணம் இல்லை. நட்டத்தை நகரம் ஏற்பதா, நாடு ஏற்பதா என்ற வழக்குத் தீரவில்லை. வயதை உயர்த்தலாமா என்ற பேச்சும் ஓயவில்லை. யார் தருவது என்பதை முடிவு செய்யாமல் விட்டால், கடைசியில் முதியவரின் வயதில்தான் கை வைப்பார்கள்.

கணக்கைப் போட்டுப் பார்ப்போம்

இப்போது நம் கணக்கு. முதலில் ஒரு தவறான எண்ணத்தை அகற்ற வேண்டும். முதியவர்கள் 100 பயணம் போனார்கள், கட்டணம் 10 ரூபாய், ஆகவே கழகத்துக்கு 1,000 ரூபாய் நட்டம் என்று சொல்வது சரியில்லை. அந்த 100 பயணத்தில், காசு கொடுத்தாலும் போயிருப்பார்கள் என்பவை 60 என்று வைத்துக்கொள்வோம். அவற்றில்தான் வருமானம் இழப்பு, 600 ரூபாய். மீதி 40, கட்டணம் இல்லை என்பதால் புதிதாக வந்த பயணங்கள். அவர்கள் இல்லாவிட்டால் அந்தப் பணமும் வந்திருக்காது. அவர்களால் கூடுதல் செலவு உண்டா என்று பார்க்க வேண்டும். பகல் 11 மணிக்குப் பாதி காலியாகப் போகும் பேருந்தில் அவர்கள் ஏறினால் கூடுதல் செலவு மிகச் சிறிது. காலை 8.30க்கு ஏறி, அதனால் இன்னொரு பேருந்து விட வேண்டி வந்தால் கூடுதல் செலவு பெரிது. இழந்த வருமானம், கூடுதல் செலவு ஆகிய இரண்டையும் கூட்டித் தருவதுதான் இலாபமும் இல்லை, நட்டமும் இல்லை என்ற விதியின் பொருள். இப்படிக் கணக்கிட்டால் அரசும் ஏமாறாது, கழகமும் ஏமாறாது.

சரி, தமிழ்நாட்டுக்கு எவ்வளவு ஆகும்? ஒன்றிய அரசின் மக்கள்தொகை முன்கணிப்பின்படி 2021இல் தமிழ்நாட்டு மக்களில் 13.6 விழுக்காட்டினர் 60 தாண்டியவர்கள். கேரளத்துக்கு அடுத்து நாம்தான். ஆளெண்ணிக்கையில் சுமார் ஒரு கோடி. அதில் ஆண்கள் ஏறக்குறைய 50 லட்சம். ஒவ்வொருவரும் மாதம் பத்து முறை, பத்து ரூபாய்க் கட்டணத்தில், டவுன் பஸ்ஸில் போவதாக வைத்துக்கொண்டால் மாதம் 50 கோடி, ஆண்டுக்கு 600 கோடி ரூபாய். எல்லோரும் பத்து முறை போக மாட்டார்கள். சென்னைக்காரர்களுக்கு இந்தப் பத்து ஏற்கெனவே உண்டு. நான் சொன்ன முறையில் ஈடு கணக்கிட்டால் இன்னும் குறையும். ஆகவே 600 கோடி என்பது நான் கொடுத்த அளவுக்கு மேல்வரம்பு. 2025-26 நிதிநிலை அறிக்கையில் மகளிர் பயணத்துக்கு 3,600 கோடி ரூபாயும் மாணவர் சலுகைக்கு 1,782 கோடி ரூபாயும் ஒதுக்கினார்கள். அதோடு ஒப்பிட்டால் வயதான ஆண்களையும் டவுன் பஸ்ஸில் சேர்ப்பது இந்த மாநிலத்தால் முடியாத காரியம் இல்லை. ரூட் பஸ்ஸுக்குத் தனிக் கணக்கு வேண்டும். அதைப் படிப்படியாகச் செய்யலாம். மகாராஷ்டிரம் 2022 ஆகஸ்டு முதல் தன் மாநிலப் பேருந்துகளில் 75 தாண்டியவர்களுக்கு முழு இலவசமும், 65 முதல் 75 வரை உள்ளவர்களுக்குப் பாதிக் கட்டணமும் தருகிறது. அங்கிருந்து நாமும் தொடங்கலாம்.

ஆனால் இதை வருங்காலக் கணக்காகவும் பார்க்க வேண்டும். அதே முன்கணிப்பின்படி 2031இல் முதியோர் 18.2 விழுக்காடு ஆவார்கள். ஐந்தில் ஒருவரை நெருங்குகிறோம். இன்றைக்குத் தொகை சிறிதாக இருக்கும்போதே விதியை எழுதிவிட வேண்டும். பிறகு எழுதலாம் என்று விட்டால், தொகை பெருகிய காலத்தில் அது விதியாக வராது, வெட்டாகத்தான் வரும்.

இனிப் போக்குவரத்துக் கழகங்களின் நிலைக்கு வருகிறேன். எட்டுக் கழகங்கள், ஏறத்தாழ 20,000 பேருந்துகள். கட்டணம் கடைசியாக உயர்ந்தது 2018 ஜனவரியில். பேருந்து ஒரு கிலோமீட்டர் ஓடினால் 59 ரூபாய்க்கு மேல் இழப்பு என்று 2021 ஆகஸ்டில் மாநில அரசு வெளியிட்ட வெள்ளை அறிக்கை சொன்னது. 2024 ஜனவரியில் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது அவர்களுடைய முக்கியமான கோரிக்கைகளில் ஒன்று, ஓய்வுபெற்றவர்களுக்கு நிலுவையில் இருந்த அகவிலைப்படி. அந்த ஓய்வூதியர்கள் யார்? அவர்களும் முதியவர்கள். நாற்பது ஆண்டு நம்மை ஏற்றி இறக்கியவர்கள். முதியோர் பயணத்தை அவர்களுடைய ஓய்வூதியத்திலிருந்து எடுத்துக் கொடுப்பது எந்த வகையில் நீதி? மளிகைக் கடையில் கணக்கு வைத்துச் சாமான் வாங்கிக்கொண்டே போய், மாதக் கடைசியில் கடைக்காரரைப் பார்க்காமல் ஒதுங்கினால் கடை எத்தனை நாள் திறந்திருக்கும்? அரசு போக்குவரத்துக் கழகத்திடம் வாங்கும் பயணமும் அப்படித்தான். பணம் தராமல் வாங்கிய சலுகைக்கான விலையைக் கடைசியில் கொடுப்பது, ட்ரிப் கட் ஆன ஊரின் மக்கள்.

கேட்கப்படும் இரண்டு கேள்விகள்

வசதியுள்ள முதியவருக்கும் ஏன் கொடுக்க வேண்டும் என்று கேட்கிறார்கள். வருமானச் சான்று வைத்து வடிகட்டலாமே என்கிறார்கள். முதியோர் உதவித்தொகைக்கு விண்ணப்பித்தவர்களைக் கேளுங்கள். சான்றுக்காக எத்தனை அலுவலகம், எத்தனை நாள், எத்தனை பேருந்து! வடிகட்டி வைத்தால் அதில் முதலில் சிக்கி நிற்பவர் எழுதப் படிக்கத் தெரியாத ஏழைதான். மேலும், சாதாரணக் கட்டண டவுன் பஸ் தானாகவே வடிகட்டுகிறது. காரும் ஓட்டுநரும் வைத்திருப்பவர் அதில் வந்து ஏறுவதில்லை. அபூர்வமாக ஏறினால் ஏறட்டும். சாலையில் ஒரு கார் குறைந்தது.

இளைஞர்களின் வரிப்பணத்தில் முதியோருக்குச் சலுகையா என்பது இன்னொரு கேள்வி. இங்கே மாணவர்கள் இருக்கிறார்கள், அவர்களுக்கே சொல்கிறேன். இந்த மாநிலத்தில் மாணவர்களுக்கு இலவசப் பயண அட்டை பல ஆண்டுகளாக இருக்கிறது. அது அன்று உழைத்துக்கொண்டிருந்த இந்தப் பெரியவர்களின் வரிப்பணம். அப்பா தனியாகப் போய்வர முடிந்தால் மகன் விடுப்பு எடுக்க வேண்டியதில்லை, மகள் கூலியை விட வேண்டியதில்லை. உடல்நலத்திலும் இதற்குப் பலன் உண்டு. இலண்டன் இம்பீரியல் கல்லூரி ஆய்வாளர்கள் 2012இல் வெளியிட்ட ஆய்வில், அட்டை வைத்திருக்கும் முதியவர்கள், ஏழையானாலும் வசதியானவரானாலும், அதிகம் நடக்கிறார்கள் என்று கண்டார்கள். நிறுத்தம் வரை நடந்துதானே ஆக வேண்டும்! 2018இல் வந்த மற்றோர் ஆய்வு, பேருந்தில் போய்வரும் முதியவர்களிடம் மனச்சோர்வின் அறிகுறிகள் குறைவு என்று காட்டியது. மருத்துவமனைக் கட்டிலுக்கு ஆகும் செலவோடு ஒப்பிட்டால் டவுன் பஸ் டிக்கெட் மிக மலிவான மருந்து.

நாம் கேட்க வேண்டியவை

இப்போது கோரிக்கைகளுக்கு வருகிறேன்.

முதலாவது, சட்டம். இந்திய அரசமைப்பின் 41ஆம் உறுப்பு, அரசின் பொருளாதார வலிமைக்கு உட்பட்டு, முதுமையில் பொது உதவி பெறும் உரிமைக்கு வகைசெய்யச் சொல்கிறது. பேருந்துக் கட்டணம் குறித்து ஆணையிடும் அதிகாரத்தை 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம் மாநில அரசுக்குக் கொடுத்திருக்கிறது. 2007ஆம் ஆண்டின் மூத்த குடிமக்கள் சட்டம் 60 வயது என்று வரையறுத்திருக்கிறது. ஆகவே 60 நிறைந்த எவரும் சாதாரணப் பேருந்தில் கட்டணமின்றிப் பயணம் செய்யலாம் என்று சட்டமன்றம் ஒரு சட்டம் இயற்ற வேண்டும். மகளிர் பயணத்தையும் அதே சட்டத்தில் சேர்க்க வேண்டும். வயதை உயர்த்துவதானால் சட்டமன்றத்தில் விவாதித்து, திருத்தம் கொண்டுவந்துதான் உயர்த்த முடியும் என்றிருக்க வேண்டும்.

இரண்டாவது, தனித் தலைப்பு. நிதிநிலை அறிக்கையில் முதியோர் பயணத்துக்கு ஒரு தனி வரி. அதைப் பொது மானியத்தோடு கலக்கக் கூடாது. இங்கிலாந்தின் முதல் காயம் நமக்கு வேண்டாம். காலாண்டுத் தொடக்கத்தில் முன்பணம் தர வேண்டும், நடத்துநரின் டிக்கெட் மெஷினில் பதிவாகும் எண்ணிக்கையை வைத்துக் காலாண்டு முடிவில் நேர்செய்ய வேண்டும். தாமதமானால் வட்டி. கணக்கிடும் முறையைத் தமிழில் அச்சிட்டு எல்லோரும் பார்க்க வெளியிட வேண்டும்.

மூன்றாவது, நேரம். இங்கிலாந்தைப் பார்த்துக் காலை 9.30க்கு மேல்தான் என்று இங்கே வைத்துவிடக் கூடாது. நம் அரசு மருத்துவமனைகளில் புறநோயாளர் சீட்டு காலையில்தான் தருகிறார்கள்; 9.30க்குப் பேருந்து ஏறினால் டாக்டரைப் பார்க்க முடியாது. பகலில் வரம்பின்றியும், நெரிசல் நேரத்துக்கு மாதம் இத்தனை பயணம் என்றும் வைப்பதை நான் ஏற்பேன். பணம் போதாவிட்டால் நேரத்தில் சிறிது கட்டுப்பாடு வைக்கலாம். வயதில் கை வைப்பதைவிட அது நியாயம். ஏனென்றால் அறுபது வயது வரை மண் சுமந்தவருக்கு அறுபத்தாறு வரை காத்திருக்கச் சொல்ல நமக்கு வாய் வராது.

நான்காவது, பேருந்து. ஒவ்வோர் ஊராட்சிக்கும் நாளொன்றுக்குக் குறைந்தது இத்தனை நடை என்று சட்டத்திலேயே எழுத வேண்டும். கிராமசபைக்குத் தெரிவிக்காமல் ஒரு நடையையும் நிறுத்தக் கூடாது. அரசுப் பேருந்து போகாத தடத்தில் தனியார் சிற்றுந்து ஓடினால், அதிலும் முதியவரின் பயணத்தை அரசு விலைகொடுத்து வாங்கட்டும். தனியார் பேருந்தில் அது முடியும் என்று பிரிட்டன் காட்டிவிட்டது.

ஐந்தாவது, படி. வழக்கமான பேருந்தின் தளம் தரையிலிருந்து 900 மில்லிமீட்டர். தாழ்தளப் பேருந்தின் தளம் 400 மில்லிமீட்டர். மூட்டு தேய்ந்தவருக்கு இந்த அரை மீட்டரில்தான் பயணமே அடங்கியிருக்கிறது. சென்னையில் 2024 முதல் தாழ்தளப் பேருந்துகள் மீண்டும் வரத் தொடங்கியிருக்கின்றன. கட்டணத்தை நீக்கிவிட்டுப் படியை உயரத்திலேயே வைத்திருந்தால் பாதிப்பேர் நிறுத்தத்திலேயே நிற்பார்கள். புதிதாக வாங்கும் டவுன் பஸ்களில் தாழ்தளம் விதியாகவும் மற்றது விதிவிலக்காகவும் இருக்க வேண்டும்.

பெரியோர்களே, இவற்றில் எதுவும் ஒரே ஆண்டில் நடந்துவிடாது. ஆனால் தொடங்குவதற்கு நாம் யாரையும் எதிர்பார்த்திருக்க வேண்டியதில்லை. ஆண்டுக்கு ஆறு முறை கிராமசபை கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2, நவம்பர் 1. உங்கள் ஊருக்கு எத்தனை நடை வருகிறது, எது நின்றுபோனது, எந்த நேரத்துக்கு வேண்டும் என்று ஒரு தாளில் எழுதுங்கள். 60 தாண்டியவர் எத்தனை பேர், மாதம் எத்தனை முறை வெளியே போக வேண்டியிருக்கிறது என்று வீடு வீடாகக் கேட்டு எண்ணுங்கள். மாணவர்கள் அதற்குத் துணை நிற்கட்டும். அதைத் தீர்மானமாக நிறைவேற்றி, உங்கள் சட்டமன்ற உறுப்பினர் கையில் கொடுங்கள். நிதித்துறை கணக்குக் கேட்கும்போது நம்மிடம் கணக்கு இருக்க வேண்டும்.

முதியோர் பயணம் என்ற தலைப்பில் ஒரு தொகை, அதைக் கட்டாயமாக்கும் ஒரு சட்டப் பிரிவு, அதைப் பெற்றுக்கொண்டு தவறாமல் ஓடும் ஒரு பேருந்து: இந்த மூன்றையும் அடுத்து வரும் எந்த அரசிடமும், எந்தக் கட்சியிடமும், வாக்குக் கேட்டு வரும் ஒவ்வொருவரிடமும் கேளுங்கள். மூன்றில் ஒன்றை மட்டும் தந்தால் வாங்கிக்கொண்டு, மற்ற இரண்டையும் கேட்டுக்கொண்டே இருங்கள்.